தாளில் தடம்பிடிப்பதா, திரையில் இயக்கிப் பார்ப்பதா?

நிபந்தனையும் மடக்கும் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் அமைப்பு) சேர்ந்து வரும் சிறு நிரலைப் புரிந்துகொள்ள, பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர் அதைத் தாளில் வரிவரியாகத் தடம்பிடிக்கலாம், அதாவது ஒவ்வோர் அடியிலும் மதிப்புகள் எப்படி மாறுகின்றன என்று எழுதிப் பார்க்கலாம், அல்லது கணினியில் அடியடியாக இயக்கிப் பார்க்கலாம்.

ரேஞ்ச்(1, 6) என்ற வரம்பில், அதாவது 1 முதல் 5 வரை, சுற்றி, இரட்டைப்படை எண்களை மட்டும் கூட்டும் நிரலை எடுத்துக்கொள்வோம். தாளில் எண், நிபந்தனை, கூடுதல் என மூன்று பத்திகள் வரைந்தால், 1-க்குப் பொய், 0; 2-க்கு மெய், 2; 3-க்குப் பொய், 2; 4-க்கு மெய், 6; 5-க்குப் பொய், 6 என்று அட்டவணை முடிகிறது. வரம்பின் இறுதி எண் சேராது என்பதை மறந்தவர் 6-க்கும் இன்னொரு வரி எழுதி 12 என்பார். பிழை நுழைந்த இடம் அழியாமல் அந்த வரியிலேயே நிற்கும்.

பிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் போன்ற கருவிகள் மாறிகளின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்களின்) மதிப்பை ஒவ்வோர் அடியிலும் படமாகக் காட்டுகின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த மடக்குகளுக்கு இது பெரும் வசதி. தாளில் அவற்றை எழுதுவது, உண்மையைச் சொன்னால், அலுப்பூட்டும் வேலை. எனினும், அடுத்த அடிக்கான பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறவர் எதையும் தாமாக ஊகிப்பதில்லை.

சென்னையில் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிப்பவருக்கு எழுத்துத் தேர்வில் கணினி கிடையாது என்பதால், முதல் சில வாரங்களுக்குத் தாளையே பரிந்துரைப்பேன். அட்டவணையை முடித்த பிறகு மட்டும் திரையில் சரிபார்த்தால் போதும்.