4கே என்று போட்டுவிட்டால் போதுமா? ஸ்ட்ரீமிங், புளூரே, 4கே டிஸ்க்: எந்தப் படத்துக்கு எது

ஒரு படம் தியேட்டரை விட்டு வீட்டுக்கு வரும்போது நாலு உருவில் வந்து நிற்கிறது: டிஜிட்டல் வாடகை, சந்தா ஓடிடி, புளூரே, 4கே புளூரே. போதாக்குறைக்கு டிவிடியும் உண்டு. எதை எடுப்பது என்ற கேள்வி வந்தால் பெரும்பாலோர் அட்டையில் பெரிதாக அச்சிட்ட எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்த எண் மொந்தையின் அளவு மட்டுமே. உள்ளே இருப்பது எந்த மாஸ்டரிலிருந்து (பிரதிகளுக்கெல்லாம் மூலமான இறுதிப் பதிப்பு) வந்தது, எவ்வளவு பிழிந்து அடைத்திருக்கிறார்கள் என்ற இரண்டும்தான் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

ஸ்ட்ரீமிங் 4கே எதிர் சாதா புளூரே

அதிகம் குழப்புவது இந்த ஜோடிதான். 4கே படத்தில் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 83 லட்சம் பிக்சல். 1080பி புளூரேயில் 21 லட்சம். நாலு மடங்கு பெரியதே ஜெயிக்கும் என்று தோன்றும். பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்கு ஓடும் தரவின் அளவை, கணக்கில் சேர்த்தால் கதை மாறுகிறது.

ஓடிடியின் 4கே ஓட்டம் பெரும்பாலும் 15 முதல் 25 எம்பிபிஎஸ்ஸுக்குள் (நொடிக்கு மெகாபிட்) அடங்கிவிடும். 16 என்று வைத்தால் இரண்டு மணி நேரப் படம் 14.4 ஜிபி. புளூரேயில் படத்துக்கு மட்டும் சராசரி 28 எம்பிபிஎஸ் கிடைத்தால் அதே படம் 25 ஜிபியைத் தாண்டும். ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் என்று வகுத்தால் புளூரேவுக்கு ஏழு மடங்கு கிடைக்கிறது. ஸ்ட்ரீமிங் பயன்படுத்தும் எச்இவிசி, புளூரேயின் ஏவிசியைவிடத் திறமையான கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை). ஏறக்குறைய பாதி பிட்டில் அதே வேலையைச் செய்யும். அதைக் கழித்த பிறகும் புளூரே கை மேலேதான்.

இந்த வித்தியாசம் எல்லாக் காட்சியிலும் தெரியாது. பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் எதில் பார்த்தாலும் ஒன்றுதான். மழை, புகை, தூவப்படும் காகிதத் துண்டுகள், அலை, ஃபிலிமில் எடுத்த படத்தின் கிரெய்ன் என்னும் பொடிப் புள்ளிகள் இவை வரும்போதுதான் ஸ்ட்ரீமிங் திணறும். ஒவ்வொரு ஃப்ரேமும் முந்தையதிலிருந்து முழுக்க மாறுவதால் கோடெக்குக்குப் பிட் போதாது. மழைத்துளி கரைந்து சாம்பல் கட்டங்களாகிவிடும். ஆக, கிரெய்ன் அதிகமுள்ள படத்தை வாங்க நினைத்தால் 4கே ஸ்ட்ரீமிங்கைவிடச் சாதா புளூரேயே மேல்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. புளூரே 8 பிட். ஒரு நிறத்துக்கு 256 படிகள். எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் அதிக வீச்சில் காட்டும் முறை) ஸ்ட்ரீம் 10 பிட், 1024 படிகள். அந்தி வானம், நீருக்கடியில் பாயும் ஒளி போன்ற காட்சிகளில் புளூரே பட்டை பட்டையாகப் பிரியலாம். நல்ல எச்டிஆர் ஸ்ட்ரீம் வழுவழுவென்று ஓடும். கிரெய்ன் இல்லாத கணினி அனிமேஷன் படங்களுக்கு ஓடிடியே போதும். டிஸ்க்குக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ஸ்ட்ரீமை எடைபோடும்போது முதல் அரை நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். தாழ்ந்த தரத்தில் தொடங்கிப் பிறகுதான் மேலேறும். டிவியின் தகவல் பொத்தானை அழுத்தினால் உண்மையில் என்ன ரெசல்யூஷன் வருகிறது, எச்டிஆர் வருகிறதா என்று காட்டும். போனில் பார்ப்பவர்கள் வைட்வைன் (திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு) சான்று எல்1-ஆ எல்3-ஆ என்று பார்த்துக்கொள்ளவும். எல்3 என்றால் 4கே சந்தா கட்டியும் பெரிய தளங்களில் பெரும்பாலும் 480பி அளவோடு நின்றுவிடும். கணினி பிரவுசர்களிலும் இதே போன்ற பூட்டு உண்டு.

ஒலியில் ஒப்பீடே தேவையில்லை. ஸ்ட்ரீமிங்கில் டால்பி அட்மாஸ் (சுற்றிலும் மேலிருந்தும் கேட்கும் ஒலி) என்று வருவது 768 கேபிபிஎஸ் வரை சுருக்கிய டால்பி டிஜிட்டல் பிளஸ். டிஸ்க்கில் இழப்பில்லாத ட்ரூஎச்டி அல்லது டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, பல எம்பிபிஎஸ். ஆனால் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இது வெறும் புள்ளிவிவரம். ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கர்களும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

புளூரே எதிர் 4கே டிஸ்க்

2016-இல் வந்த 4கே டிஸ்க்கில் 66 அல்லது 100 ஜிபி வரை இடம். உச்ச வேகம் 128 எம்பிபிஎஸ். இடத்துக்குப் பஞ்சமில்லை. சிக்கல் மூலத்தில் இருக்கிறது. 2000-களிலும் 2010-களிலும் வந்த ஏராளமான படங்கள், 4கே-க்கு மேலான கேமராவில் எடுத்திருந்தாலும், எடிட்டிங்கும் விஎஃப்எக்ஸும் முடிந்த டிஜிட்டல் இன்டர்மீடியட் 2கே-யிலேயே இறுதி செய்யப்பட்டவை. 2கே என்பது 2048×1080, அதாவது புளூரேயைவிடக் கொஞ்சமே அகலம். அதை நீட்டித்தான் 4கே டிஸ்க்கில் போடுகிறார்கள். பழைய கள், புதிய மொந்தை.

அப்படிப்பட்ட படத்தில் 4கே டிஸ்க் தரும் முக்கியமான லாபம் எச்டிஆர். அதை உங்கள் டிவி காட்ட முடிந்தால்தான் லாபம். எச்டிஆர் மாஸ்டர்கள் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு), சில 4000 நிட்ஸ் உச்சத்துக்குத் தயாராகின்றன. 300 நிட்ஸ் தாண்டாத டிவியில் அதை ஓட்டினால் ஒளிப் புள்ளிகளுக்கு இடம் விட்டு மற்ற எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். ‘4கே டிஸ்க் இருட்டாக இருக்கிறது’ என்ற புகார்களில் பல இதனால்தான். அந்த டிவிக்குப் புளூரேயே அழகாக இருக்கும். வெளிச்சத்தில் இடைத்தரமான டிவி என்றால் டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை உள்ள பதிப்பு கைகொடுக்கும். எச்டிஆர்10 என்ற சாதா எச்டிஆர், படம் முழுக்க ஒரே அளவுகோல் வைக்கிறது. டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி அதை மாற்றுகிறது.

அடுத்து உட்காரும் தூரம். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ. அதில் ஒரு 1080பி பிக்சல் 0.63 மி.மீ. சராசரிக் கண் பிரித்தறியும் கோணத்தை வைத்துப் பார்த்தால் 2.2 மீட்டருக்கு அப்பால் 1080பி-யின் பிக்சலையே பார்க்க முடியாது. 65 அங்குலத்தில் 2.6 மீட்டர். சோபா மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் கூடுதல் பிக்சல்கள் கண்ணுக்கு வந்து சேராது.

பழைய படம், புது வெளியீடு

4கே டிஸ்க் உண்மையில் ஒளிர்வது இங்கேதான். 35 மி.மீ. நெகட்டிவில் 1080பி-யைத் தாண்டிய விவரம் இருக்கிறது. அட்டையின் பின்புறத்தில் ‘ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன்’ என்று இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ‘புதிதாக மெருகேற்றப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் பொறுங்கள். நெகட்டிவிலிருந்து இன்டர்பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரின்ட் என்று ஒவ்வொரு பிரதியிலும் விவரம் குறையும், கான்ட்ராஸ்ட் ஏறும். பிரின்ட்டை ஸ்கேன் செய்து 4கே முத்திரை குத்துவதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஸ்கேன் நன்றாக இருந்தும் பின்னால் கெடுப்பது உண்டு. கிரெய்னை ‘அழுக்கு’ என்று நினைத்து மென்பொருளால் துடைத்தால் அதோடு தோலின் துளைகளும் துணியின் இழையும் போய்விடும். முகங்கள் மெழுகுப் பொம்மையாகும். 2009-இல் வந்த கிளாடியேட்டர் புளூரே இதற்குப் பாடப்புத்தக உதாரணம். தொடக்கப் போரில் பறக்கும் எரியம்புகளில் சிலவற்றைத் தூசி என்று கருதித் தானியங்கிச் சுத்திகரிப்பு அழித்துவிட்டது. அடுத்த ஆண்டு புது டிரான்ஸ்ஃபரோடு (ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியது) மறுவெளியீடு வந்தது.

விமர்சகர்கள் போடும் ஸ்க்ரீன்ஷாட்டில் மூன்றைப் பாருங்கள். குளோசப்பில் கன்னத்தில் துளைகள் தெரிகின்றனவா? தோளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒட்டியிருக்கிறதா? (இருந்தால் செயற்கையாகக் கூர்மையேற்றியது.) பழைய பதிப்பில் வெள்ளையாக இருந்த சட்டை இப்போது பச்சை கலந்த நீலமாகிவிட்டதா? முதல் வாரமே வாங்கத் துடிக்காதீர்கள். குளறுபடி நடந்த டிஸ்க்குகளுக்கு மாற்று டிஸ்க் அறிவிப்பெல்லாம் பிறகுதான் வரும்.

டிவிடி

வேறெதிலும் வராத படத்துக்கு மட்டும். பால் (PAL, இந்தியா, ஐரோப்பாவின் பழைய டிவி முறை) டிவிடி என்றால் நொடிக்கு 24 ஃப்ரேம் படத்தை 25-இல் ஓட்டுவார்கள்: 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், சுருதி திருத்தப்படாவிட்டால் பாட்டும் சற்று ஏறிக் கேட்கும். ஆறு நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

ஒரே தலைப்பு, வேறு படம்

ஓட்ட நேரத்தை ஒப்பிடாமல் வாங்கவே கூடாது. தியேட்டர் பதிப்பு, இயக்குநர் பதிப்பு, நீட்டிப்பு என்று ஒரே அட்டைப்படத்தில் வரும். ஓடிடியில் எது இருக்கிறது என்பது சொல்லாமலே மாறும். திரை விகிதமும் அப்படித்தான். டிஸ்னி பிளஸ் 2019 நவம்பரில் வந்தபோது சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரின் 4:3 எபிசோடுகளை 16:9-க்கு வெட்டிக் காட்டியது. டஃப் பியர், டஃப் லைட், டஃப் டிரை என மூன்று தொட்டிகளும் மேலே ஒரே குழாயிலிருந்து நிரம்புவதுதான் ஒரு காட்சியின் நகைச்சுவை. குழாயே ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. 2020 மே மாதம் பழைய விகிதம் திரும்பியது.

டிஜிட்டலில் ‘வாங்கு’ என்பதும் உரிமம்தான். தளம் உரிமையை இழந்தால் உங்கள் அலமாரியிலிருந்தும் போகலாம். ஒருமுறை பார்க்கப் போகிற படத்துக்கு வாடகை எடுத்தாலே போதும். பெரும்பாலான தளங்களில் 30 நாளுக்குள் தொடங்கி, தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

4கே டிஸ்க் வாங்கியாகிவிட்டதா?

டிவியில் பிளேயரைச் செருகிய எச்டிஎம்ஐ துளைக்கான ‘என்ஹான்ஸ்டு’ அமைப்பை இயக்குங்கள். இல்லையென்றால் சில டிவிகளில் எச்டிஆர் வராது. படத்தை டிவி நாடகம்போல வழுக்கவைக்கும் மோஷன் அமைப்பை அணைத்து ஃபிலிம்மேக்கர் மோடுக்கு (படத்தை எடுத்தபடியே காட்டும் அமைப்பு) போங்கள்.

மூன்று அடுக்குள்ள 100 ஜிபி டிஸ்க்குகள் ஒரு விரல்ரேகைக்கே உறைந்து நிற்கும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும். பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது. துடைத்த பிறகும் அதே நிமிடத்தில் நின்றால் டிஸ்க் கோளாறு, மாற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் பிளேயரின் ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். டிஸ்க் மேல் பழி போடாதீர்கள்.