கல்லால கொட்டை உடைக்கிறது: சிம்பன்சியா, கப்புச்சினா?

கருவின்னாலே எல்லாரும் சிம்பன்சியதான் சொல்றாங்க, 1960ல குரங்கு ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் தான்சானியா கோம்பேல அது குச்சி விட்டு கரையான் பிடிக்கிறத பாத்ததுல இருந்து அப்படித்தான். ஆனா பிரேசில் கப்புச்சின் குரங்க பாருங்க, மூணு நாலு கிலோ உடம்புதான், ஒரு கிலோ கல்ல ரெண்டு கையால தூக்கி, பின்னங்கால்ல எழுந்து நின்னு, மொத்த உடம்பையும் போட்டு பனங்கொட்டை மேல இறக்குது. சிம்பன்சி அவ்ளோ கஷ்டப்படாது, உக்காந்தே ஒரு கையால தட்டி உடைச்சிடும்.

பழமைன்னு பாத்தா சிம்பன்சிதான் முன்னாடி. ஐவரி கோஸ்ட் டாயி காட்டுல தோண்டினப்போ கிடைச்ச கொட்டை உடைச்ச கல்லு சுமார் 4,300 வருஷம் பழசு, பிரேசில்ல செர்ரா டா கபிவாராவுல கப்புச்சினோடது சுமார் 3,000 வருஷம்.

கத்துக்கிற விஷயம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ரெண்டுலயும் குட்டி பெரியவங்க பக்கத்துலயே உக்காந்து உத்துப் பாக்கும், சிந்தின துண்ட பொறுக்கித் தின்னும், வெறும் கல்ல தட்டி விளையாடும், வருஷக்கணக்குல இப்படியே போயி ஒருநாள் உடைச்சிடும். கினி நாட்டுல பொசூங்கிற இடத்து சிம்பன்சிங்க பெரும்பாலும் 3-5 வயசுக்குள்ள கத்துக்குதுங்க, அத விட்டுட்டா அப்புறம் வர்றது ரொம்ப கஷ்டம். கோம்பேலயும் எண்ணெய்ப் பனை இருக்கு, ஆனா அங்க சிம்பன்சி கொட்டைய உடைக்கிறதில்ல, அப்போ இது பிறவியில வர்றது இல்லதானே?

கருவி வகைல சிம்பன்சிக்குத்தான் என் ஓட்டு, குச்சி, கல்லு, தண்ணி உறிஞ்ச மென்ன இலைன்னு அடுக்கிட்டே போகலாம். ஆனா ஆச்சரியம்னா கப்புச்சின்தான், ஏன்னா ரெண்டு வம்சமும் சுமார் 4 கோடி வருஷம் முன்னாடியே பிரிஞ்சிடுச்சு, தனியாவே இந்த வழிய கண்டுபிடிச்சிருக்கு.