காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில எக்ஸ் மிலிட்டரி ஆளுங்க நடத்துன அமோனியா ட்ரெய்னிங், எங்க அனுபவம்

நைனா காலத்துலேர்ந்து காசிமேட்டுல ஐஸ் ஃபேக்டரி நடத்துறோம், தண்ணிய உறைய வைக்க மெஷின்ல ஓடுறது அமோனியாதான். போன மாசம் ரெண்டு நாள் அமோனியா எமர்ஜென்சி ட்ரெய்னிங் எடுத்தோம், அதுலேர்ந்து ஹார்பர் சுத்தி ஐஸ் போடுறவங்க, கோல்ட் ஸ்டோரேஜ் வச்சிருக்கிறவங்கன்னு தினம் யாராவது போன் பண்ணி எப்படி இருந்துச்சுமா, காசுக்கு பிரயோஜனமான்னு கேட்டுக்கினே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா இங்க எழுதிடுறேன்.

நடத்துறவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் மெட்ராஸ் சாப்பர்ஸ்னு ராணுவத்து இன்ஜினியர் படையில சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆனவர், புனேல மிலிட்டரி இன்ஜினியரிங் காலேஜ்ல கெமிக்கல் பாதுகாப்பு கோர்ஸ் முடிச்சவர். இன்னொருத்தர் நேவியில ஆர்ட்டிஃபைசர், அதாவது மெஷின் டெக்னீஷியன், கப்பல் இன்ஜின் ரூம்லயே பாதி வயசு போயிருக்கு. மாதவரம் பக்கம் ஒரு மாடி ரூம், வாசல்ல போர்டு கூட கிடையாது, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கூப்பிடுறதுதான். ஆளுக்கு 1,800 ரூபா வாங்குனாங்க, நாங்க 14 பேர் உக்காந்தோம்.

ஏன் கூப்பிட்டோம்னு சொல்லிடுறேன். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல கடலுக்கடியில போற பைப்புலேர்ந்து அமோனியா வெளிய வந்துச்சே, அன்னிக்கு எங்க அத்தை பெரியகுப்பத்துல இருந்தாங்க. கண்ணு எரிஞ்சு மூச்சு முட்டி, பேத்திய தோள்ல போட்டுக்கினு, எந்தப் பக்கம் ஓடுறதுன்னே தெரியாம மெயின் ரோட்டுக்கு ஓடியாந்தாங்க. அதுக்கு முன்னாடியே எங்க ஃபேக்டரியிலயும் அமோனியா திரவம் சேர்ற ரிசீவர் டேங்க்ல ஆயில் எடுக்கறப்போ வால்வ தொறந்து வச்சுட்டு போன் பேச நகர்ந்த ஒரு பையனுக்கு கண்ணுல அடிச்சு ரெண்டு வாரம் கண்ணே தொறக்க முடியல. நைனா அதுலேர்ந்து சரியா தூங்கறதில்ல.

மொத நாள் காலையில சுபேதார் சார் மெஷின் பக்கமே வரல. வாசல்ல நின்னுக்கினு, "இப்போ காத்து எங்கேர்ந்து வருது?"னு கேட்டார். ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், நான், யாராலயும் சொல்ல முடியல. ஐஸ் பார் ஏத்துற லோடுமேன் தாத்தா ஒருத்தர், முன்னாடி கட்டுமரத்துல போனவர், "கொண்டல் சார், கடல்லேர்ந்து வர்ற காத்து, இன்னும் கொஞ்ச நேரத்துல தெக்க திரும்பும்"னு சொன்னார். சுபேதார் சார் அவரைப் பக்கத்துல கூப்பிட்டு, இனிமே காத்தைப் பாத்து எந்த கேட்டு வழியா ஓடணும்னு சொல்ற வேலை உங்களோடது பெரியவரேன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டார். படிப்பு, சம்பளம், எதையும் பாக்காம யாருக்குத் தெரியுமோ அவங்க கையில வேலையைக் குடுத்தது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்தது. மொட்டை மாடி கம்பியில பழைய லுங்கித் துணியைக் கிழிச்சு கட்டச் சொன்னார், அது இன்னும் ஆடிக்கினு இருக்கு.

அப்புறம் தரையில மூணு கோடு போட்டார். உள்ள சிவப்பு, நடுவுல மஞ்சள், வெளிய பச்சை. சிவப்புக்குள்ள போறவன் ஜோடியா போகணும், வெளிய வரும்போது மஞ்சள்ல நின்னு உடுப்போட தண்ணியில கழுவிட்டுதான் பச்சைக்கு வரணும். கழுவாம வந்தா, காப்பாத்த வந்தவனே வெளிய இருக்கிறவனுக்கு கேஸைக் கொண்டாந்து குடுக்கறான்னார். அமோனியா காத்தை விட லேசு, மேல போயிடும்னுதான் நாங்க நினைச்சிருந்தோம். ஆனா மைனஸ் 33 டிகிரியில கொதிக்கிற திரவம் லீக் ஆனா குளிர்ந்த வெள்ளைப் புகையா ஈரத்தோட சேந்து தரையோட தரையா ஊரும், அதனால குனிஞ்சு ஓடுனா தப்பிச்சுடலாம்னு நம்பாதீங்கன்னார். புகைய ஸ்பிரே தண்ணியால அடிச்சு அமுக்கலாம், ஆனா தரையில தேங்கி நிக்கற திரவத்து மேல தண்ணி ஊத்துனா இன்னும் வேகமா ஆவியாகும். குளோரின்னா கதையே வேற, அது வர்ற டன்னர்ங்கற பெரிய உருளை லீக் ஆனா அது மேல தண்ணி அடிக்கவே கூடாது, ஆசிட் ஆகி ஓட்டையை பெருசாக்கிடும், ஓட்டை மேல வர்ற மாதிரி உருட்டி விட்டா திரவத்துக்கு பதிலா கேஸ் மட்டும் வரும். இதெல்லாம் யூடியூப்ல தேடி கிடைக்கிற விஷயம் இல்ல, கையால செஞ்சவன் வாயிலேர்ந்து வரணும்.

காத்து சிலிண்டர் மாஸ்க் பயிற்சியைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தத்துல காத்து, கணக்குப்படி 45 நிமிஷம் வரும். எங்க ஆபரேட்டர் அண்ணன் மாட்டிக்கினு ஐஸ் கேன் தூக்கிட்டு படி ஏறி இறங்குனார், 23வது நிமிஷத்துலயே காத்து தீரப்போகுதுன்னு விசில் அடிச்சிடுச்சு. பயத்துல, வேலையில மூச்சு ரெண்டு மடங்கா போகுது. நேவி சார் ஒரு சிலேட்டுல உள்ள போன நேரம், கேஜ் அளவு, திரும்ப வேண்டிய நேரம்னு சாக்பீஸ்ல எழுதிக்கினே இருந்தார், உள்ள இருக்கிறவன் கணக்கு போடக்கூடாது, வெளிய இருக்கிறவன்தான் போடணுமாம். தாடி வச்சிருந்த ஒரு தம்பிக்கு மாஸ்க் முகத்துல ஒட்டவே இல்ல, ஓரத்துல காத்து போகுது. எடுத்துடுடான்னு அதட்டாம, "தாடி இருக்கட்டும் தம்பி, நீ சிலேட்டைப் புடி"ன்னார்.

டீ நேரத்துல சுபேதார் சார்கிட்ட நான் கேட்டேன், நிஜமா பெருசா நடந்தா மிலிட்டரி வந்து எல்லாத்தையும் எடுத்துக்குமான்னு. இல்லவே இல்லன்னார். அமெரிக்காவுல நேஷனல் கார்டு சிவில் சப்போர்ட் டீம்னு 57 இருக்காம், ஒவ்வொண்ணுலயும் 22 பேர், நடமாடும் லேபோட வருவாங்க, வந்ததும் இது என்ன கெமிக்கல், எவ்ளோ தூரம் பரவும், என்ன செய்யலாம்னு சொல்லுவாங்க, கமாண்ட் உள்ளூர் அதிகாரிகிட்டயேதான் இருக்கும். போபால்ல 1984 டிசம்பர் ராத்திரி இஎம்இ ஆளுங்க, ராணுவத்துல மெஷின் ரிப்பேர் பாக்குறவங்க, லாரி எடுத்துக்கினு போய் ஜனங்களை ஆஸ்பத்திரியில சேத்தாங்க. 2020 மே மாசம் விசாகப்பட்டினத்துல பிளாஸ்டிக் பண்ற ஸ்டைரீன் கெமிக்கல் லீக் ஆனப்போ, டேங்க்ல சூடு ஏறாம தடுக்கற கெமிக்கல் 8.3 டன்னை விமானப்படை ஏஎன்-32 விமானத்துல குஜராத் முந்த்ராவுலேர்ந்து கொண்டு போச்சு, நேவி டெக்னீஷியன்கள் ஒரே சிலிண்டர்லேர்ந்து பல பேருக்கு ஆக்சிஜன் குடுக்கற செட்டை ஆஸ்பத்திரியில மாட்டி விட்டாங்க. "நம்ம பக்கத்துல என்டிஆர்எஃப், அதான் தேசிய பேரிடர் மீட்புப் படை, பட்டாலியன் அரக்கோணத்துல இருக்கு, நல்ல ஆளுங்க, ஆனா ரோட்டுல வரணுமில்ல, அவங்க வர்ற வரைக்கும் யாரும் சாகாம இருக்கணும், அது உங்க கையில"ன்னார். அப்போ தாடித் தம்பி கையில டீ அப்படியே ஆறிப் போயிருந்துச்சு.

ரெண்டாவது நாள் முழுக்க மெஷின் ரூம். நேவி சார் கந்தகக் குச்சியைப் பத்த வச்சு பைப்பு சேர்ற ஒவ்வொரு ஃபிளான்ஜ் ஓரமா மெதுவா நகர்த்துனார், மூக்குக்கு ஒண்ணும் தெரியாத ஒரு வால்வு தண்டு நுழையற கிளாண்டுகிட்ட வெள்ளையா புகை கட்டுச்சு, அப்படின்னா அங்க அமோனியா கசியுதுன்னு அர்த்தம். நாலு வருஷமா அந்த வால்வைத் தாண்டித்தான் எல்லாரும் நடந்துக்கினு இருந்தோம். கசிவை அடைக்கற பேக்கிங்கை அங்கயே மாத்த வச்சார். ஆயில் எடுக்கற லைன்ல கையை எடுத்தா தானா மூடிக்கிற ஸ்பிரிங் வால்வு போடச் சொன்னார், அதை மட்டும் முன்னாடியே போட்டிருந்தா அந்தப் பையன் கண்ணு தப்பிச்சிருக்கும், இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்குது.

குறையும் இருக்கு. நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ், எங்க ஆளுங்க பாதி பேருக்கு தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், கேட்டா அடுத்த முறை பண்றோம்னு சொல்றாங்க. மாஸ்க் ஒரே சைஸ், எனக்கு தாடைகிட்ட இடைவெளி விட்டுச்சு. பெரிய குறை என்னன்னா, டிரில்லுக்கு சைரன் அடிச்சப்போ பக்கத்து தெருவுக்கு முன்கூட்டியே சொல்லல, பொம்பளைங்க குழந்தையைத் தூக்கிக்கினு நெஜம்னு நினைச்சு ஓடியாந்துட்டாங்க. எண்ணூரைப் பாத்த ஜனம், அவங்க பதட்டப்படத்தான் செய்வாங்க. வீடு வீடா போய் சொல்லியிருக்கணும், அதுல எங்க தப்பும் உண்டு. இன்னொண்ணு, இவங்க சாமான் எதுவும் விக்கறதில்ல, அது நல்லதுதான், ஆனா சிலிண்டரை எங்க ரீஃபில் பண்றதுன்னு கேட்டா தெளிவா பதில் வரல, நாங்களே அலைஞ்சுதான் கண்டுபுடிச்சோம்.

அமோனியா மெஷின் வச்சிருக்கிற யாரா இருந்தாலும் கூப்பிடுங்க, மழைக்கு முன்னாடியே கூப்பிடுங்க. கூப்பிடுறப்போ ரெண்டாவது நாள் கந்தகக் குச்சி டெஸ்ட்டை கேட்டு வாங்குங்க, நேரம் பத்தலன்னு விட்டுடப் பாப்பாங்க. அடுத்த மாசம் எங்க தெரு பொம்பளைங்களுக்கு மட்டும் அரை நாள் வைக்கச் சொல்லியிருக்கேன், காத்து பாக்கறது, எந்தப் பக்கம் போறது, கண்ணுல பட்டா குறைஞ்சது 15 நிமிஷம் தண்ணியில கழுவிக்கினே 108க்கு போன் போடுறது, அவ்வளவுதான் பாடம், அதை தமிழ்லயே எழுதித் தரேன்னு சுபேதார் சார் ஒத்துக்கினார். அத்தையும் வரேன்னு சொல்லியிருக்காங்க.