படம் வரையும் இரண்டு பெண்கள், ஒரே புரூக்ளின்

கசாண்ட்ரா கிளேரின் 'சிட்டி ஆஃப் போன்ஸ்' 2007-இல் வந்தது. டேனியல் ஹோசே ஓல்டரின் 'ஷேடோஷேப்பர்' 2015-இல். கதைச் சுருக்கத்தை மட்டும் சொன்னால் எது எந்தப் புத்தகம் என்று குழம்பிவிடும். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பதின்வயதுப் பெண், நன்றாகப் படம் வரைவாள். தன் குடும்பத்துக்கும் ஒரு மாய உலகத்துக்கும் பழைய தொடர்பு உண்டு, வீட்டுப் பெரியவர்கள் அதைத் தன்னிடம் மூடி மறைத்துவிட்டார்கள் என்று ஒரு கோடைக்காலத்தில் அவளுக்குத் தெரியவருகிறது. வழிகாட்ட ஓர் அழகான பையனும் வந்து சேருகிறான்.

இளையோருக்கான நகர்ப்புற ஃபேன்டஸியில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டால் பலரும் கிளேரின் புத்தகத்தைத்தான் சொல்வார்கள். ஆறு பாகங்கள், 2013-இல் சினிமா, 2016 முதல் 2019 வரை தொலைக்காட்சித் தொடர் என்று அதற்குப் பெரிய பேர். எனக்கு ஓல்டர் எழுதியதுதான் ஒசத்தி. அதற்காக மற்றதை ஒரே தள்ளாகத் தள்ளிவிடவும் முடியாது. முடிவுகளை உடைக்காமல் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கிளேருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடலாம். கையில் எடுத்தால் கீழே வைக்க விடாத புத்தகம் அது. முதல் அத்தியாயத்திலேயே பாண்டிமோனியம் என்ற இரவு விடுதியில், நீல முடிக்காரப் பையன் ஒருவனை மூன்று பேர் கொல்வதைக் கதாநாயகி கிளாரி பார்க்கிறாள். கொன்றவர்கள் வேறு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அங்கிருந்து வண்டி நிற்பதே இல்லை. மந்திரவாதி மேக்னஸ் பேன் வீட்டு விருந்தில், தொடாதே என்று சொல்லியும் கேட்காமல் எதையோ குடித்துவிட்டுக் கிளாரியின் நண்பன் சைமன் எலியாகிவிடுகிறான். அந்த எலியை ரத்தக்காட்டேரிகள் தங்கள் விடுதிக்குத் தூக்கிப் போகிறார்கள். மீட்கப் போனவர்கள் பறக்கும் மோட்டார் சைக்கிளில் தப்பி வருகிறார்கள். கேட்கக் கோமாளித்தனமாக இருக்கும். படிக்கும்போது அப்படித் தோன்றாது. சைமனின் கிண்டல் பேச்சும் மேக்னஸின் அலட்டலும் அந்த 500 பக்கத்தையும் தூக்கிப் பிடிக்கின்றன. ஹாரி பாட்டர் ரசிகர் கதைகள் எழுதிப் பெயர் வாங்கியவர் கிளேர். வாசகரை அடுத்த அத்தியாயத்துக்கு இழுக்கும் வித்தை அவருக்குக் கைவந்த ஒன்று.

வேகத்தில் 'ஷேடோஷேப்பர்' இதன் பக்கத்தில்கூட வராது. சுமார் 300 பக்கம்தான், ஆனாலும் நடுவில் கொஞ்சம் நொண்டுகிறது. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

கிளேரின் நியூயார்க்கில் நிஜமான இடங்கள் நிறைய வரும். ஈஸ்ட் வில்லேஜில் உள்ள பழைய மார்பிள் கல்லறைக்கு அடியில் மௌனச் சகோதரர்கள் என்ற துறவிக் கூட்டத்தின் எலும்பு நகரம் இருக்கிறது. ரூஸ்வெல்ட் தீவில் இடிந்து கிடக்கும் பெரியம்மை மருத்துவமனை வில்லனின் கோட்டை. யோசனை அழகானதுதான். ஆனால் அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கதைக்குக் கவலையே இல்லை. சாதாரண மனிதர்கள் அதில் ஏதும் அறியாத கூட்டம், அவ்வளவே. பேய்களை வேட்டையாடுபவர்கள் தேவதூதனின் ரத்தம் ஓடும் தனி இனம். பின்னால் கிளேர் அதே உலகத்தை 1878-ஆம் ஆண்டு லண்டனுக்குக் கொண்டுபோனார், லாஸ் ஏஞ்சலஸுக்கும் கொண்டுபோனார். எங்கே வைத்தாலும் பொருந்தியது. நியூயார்க் அதற்கு ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

ஓல்டரின் நாயகி சியரா சாண்டியாகோவை அப்படி வேறு ஊருக்குக் குடி மாற்ற முடியாது. புரூக்ளினின் பெட்-ஸ்டை பகுதியில், பாதியில் நின்றுபோன ஒரு கான்கிரீட் கட்டடத்தின் மேல் அவள் பெரிய டிராகன் வரைந்துகொண்டிருக்கிறாள். பக்கத்துச் சுவரில், இறந்துபோன உள்ளூர்ப் பெரியவர் அசெவெடோவின் பழைய ஓவியம். அது நாளுக்கு நாள் மங்குகிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. கதை தொடங்கும் இடம் இது. இறந்தவர்களின் நினைவை அந்தத் தெரு தன் சுவர்களில் வைத்திருக்கிறது, அந்தச் சுவர்களில்தான் மந்திரமும் இருக்கிறது. ஆவி ஒன்று கலைஞரின் உடல் வழியே பாய்ந்து ஓவியத்துக்குள் போக, ஓவியம் எழுந்து நடக்கும். கோயில் கொடையில் சாமி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்புறம் அந்தத் தெருவே கைமாறிக்கொண்டிருக்கிறது. சியராவும் தோழி பெனியும் முன்பு முடி அலங்காரம் செய்துகொண்ட கடை இப்போது பகட்டான பேக்கரி. பழகிய தெருவில் நடந்து போகும் சியராவை, புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஓவியங்கள் மங்குவதும் இந்தக் கடைகள் மறைவதும் ஒரே கதைதான் என்று ஓல்டர் எங்கேயும் எழுதிக் காட்டுவதில்லை. நமக்கே தெரிகிறது. நியூயார்க்கில் பல வருடம் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். அந்த ஊர்த் தெருக்களை அறிந்தவரின் எழுத்து இது.

இரண்டு அம்மாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிளாரியின் அம்மா ஜோஸ்லின், மகள் எதையும் பார்த்துவிடக் கூடாது என்று மந்திரவாதியிடம் சொல்லி அவள் நினைவுகளைப் பூட்டிவைக்கிறாள். ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வியை வைத்தே நாவலை நடத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பத்திலேயே அவளைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள், மயக்கத்திலேயே கிடக்கிறாள். மகள் முகத்துக்கு நேராக ஒரு கேள்வி கேட்க வழியில்லை. சியராவின் அம்மா மரியா வீட்டில்தான் இருக்கிறாள். மகள் கேட்கக் கேட்கப் பேச்சை மாற்றுகிறாள், கோபப்படுகிறாள், அதெல்லாம் ஒன்றுமில்லை என்கிறாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் தாத்தா லாசரோவோ உடைந்த சொற்களில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வித்தை பெண்களுக்கு வேண்டாம் என்று சொல்லிப் பேத்தியை ஒதுக்கி வைத்தவரே அவர்தான். வீட்டுக்குள் இருக்கும் மௌனத்தை ஓல்டர் எழுதிய அளவுக்குக் கிளேர் எழுதவில்லை.

நிறம் பற்றி வரும் இடங்களை நம் வாசகர்கள் சும்மா கடந்து போக முடியாது. ரோசா அத்தை ஒருத்தி வருகிறாள். உன் உள்ளங்காலைவிடக் கறுத்தவன் உனக்குச் சரிப்பட மாட்டான் என்பது அவள் தத்துவம். வழிகாட்ட வந்த ஹைத்திப் பையன் ராபியோடு சியரா பழகுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. சியராவின் சுருட்டை முடியும் பிடிக்கவில்லை. இந்த அத்தை எந்த ஊர்க் கல்யாண வீட்டில் இல்லை! முன்பு ஒரு பையனிடம் சாட்டில், பால் போதாத காபி நிறம் என்று தன்னைப் பற்றி எழுதிய சியரா, ஒருநாள் கண்ணாடி முன் நின்று அதை நினைத்துப் பார்க்கிறாள். எதற்குப் போதாது? ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் இல்லாத அந்த ஒன்றரைப் பக்கம்தான் இரண்டு புத்தகங்களிலும் எனக்குப் பிடித்த பகுதி.

வில்லன் என்று வந்தால் தராசு மறுபடியும் கிளேர் பக்கம் சாய்கிறது. அவருடைய வாலண்டைன் தன் இனத்தின் தூய்மைக்காகக் கொலை செய்பவன், ஆனாலும் பேசினால் கேட்கத் தோன்றும். ஓல்டரின் விக், கொலம்பியா பல்கலைக்கழகத்து மானுடவியல் அறிஞர். ஒரு சமூகத்தை ஆராய வந்தவர், கடைசியில் அவர்களுடைய சக்தியையே தனக்கென்று எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். யோசனையாகப் பார்த்தால் வாலண்டைனைவிட இது கூர்மை. என்ன செய்வது, ஆள் பெரும்பாலும் குறிப்பேடுகளில்தான் இருக்கிறார். நேரில் வரும்போது நம் கோபத்துக்குத் தீனி போதவில்லை, கடைசிச் சண்டையும் அவசரமாக முடிந்துவிடுகிறது.

காதல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளாரிக்கு வழிகாட்டும் ஜேஸின் திமிர் பதினைந்து வயதில் கவர்ச்சி, முப்பதில் எரிச்சல். ராபி நல்ல பையன், கொஞ்சம் சப்பென்று இருப்பான். அவன் சியராவைக் கூட்டிப்போகும் விடுதியில் சுவரோவியங்கள் இசைக்கு ஆடும் காட்சி மட்டும் அருமை.

ஆங்கில நாவல் படித்துப் பழகாத பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் கிளேரையே வாங்குங்கள். உவமைகள் கொஞ்சம் திகட்டும், மற்றபடி நடை எளிது. ஓல்டரின் உரையாடலில் புரூக்ளின் கொச்சையும் ஸ்பானிஷும் விளக்கமில்லாமல் கலந்து வரும். முதல் சில அத்தியாயங்களுக்குப் பொறுமை வேண்டும். ஏற்கெனவே இந்த வகையில் நாலைந்து படித்துச் சலித்தவர் என்றால் நேராக 'ஷேடோஷேப்பர்'.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளேர் முதலில் மூன்று பாகமாகத்தான் திட்டமிட்டிருந்தார். 2009-இல் வந்த மூன்றாம் பாகத்தோடு நிறுத்திக்கொண்டால் நட்டம் இல்லை. ஓல்டரின் தொடரே மூன்றுதான், 2020-இல் முடிந்துவிட்டது. அதில் 2017-இல் வந்த இரண்டாம் பாகம், 'ஷேடோஹவுஸ் ஃபால்', முதலாவதைவிடத் தேறியது. பள்ளிக்கூட வாசலில் மெட்டல் டிடெக்டர், தெருவில் போலீஸ், போராட்டம் என்று கதை இறங்கி அடிக்கிறது. சியராவின் தோழிகளுக்கும் அங்கே கைநிறைய வேலை இருக்கிறது.