கொள்ளுப்பிட்டியில் எஸ்தர்ஹாசி கேக்

எஸ்தர்ஹாசி என்பது ஹங்கேரியின் பெரும் நிலப்பிரபுக் குடும்பம். ஃபெர்டோடில் 126 அறை மாளிகை எழுப்பியவர்கள். இசைமேதை ஹைடன் 1761 முதல் அவர்களிடம் சம்பளம் வாங்கியவர். கேக்குக்குப் பெயர் தந்ததோ பின்னாளில் வந்த இராஜதந்திரி பால் அன்ரன்.

கொழும்பின் கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் கிடைக்கும் இந்தக் கேக் துண்டில் ஐந்து மெரிங் (முட்டை வெள்ளையும் சீனியும் அடித்துச் சுடும்) அடுக்கும் உண்டு, நல்லது. ஆனால் அடுக்கில் சேரவேண்டிய பாதாமுக்குப் பதில் கஜு (முந்திரி)! அதுவும் அளவுக்கு மீறி அரைத்திருக்கிறார்கள். எண்ணெய் கக்கி அடுக்கு சவசவக்கிறது. மேலுள்ள வெள்ளை ஐசிங் இறுகமுன் சொக்லேட் கோடுகளைப் பல்லுக்குச்சியால் ஒருமுறை மேல்நோக்கியும் ஒருமுறை கீழ்நோக்கியும் இழுக்கவேண்டும். இங்கே தாமதமாக இழுத்திருக்கிறார்கள், கோட்டோரமெல்லாம் வெடிப்பு.

வாங்கினால் இறுக மூடிய பெட்டியில் குளிர்சாதனப்பெட்டிக்குள் வையுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் மெரிங் உடனே ஈரம் இழுக்கும். உண்ண 20 நிமிடம் முன் வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் பட்டர் கிறீம் மெழுகுபோல் நாக்கில் ஒட்டும்.