பழைய கேம் சேவ் எதில் வைத்தால் தங்கும்? மெமரி கார்டு, சிடி, பென் டிரைவ், ஹார்டு டிஸ்க், கிளவுட்: ஓர் அலசல்

மதுரை வில்லாபுரத்தில் அத்தை வீடு. 2006 கோடை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் அங்கே உட்கார்ந்து ஆடிய 'நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வாண்டட்' கேமின் சேவ் ஃபைல், அதாவது எதுவரை ஆடினோம் என்று கேம் பதிந்து வைக்கும் ஃபைல், இன்னும் என்னிடம் இருக்கிறது. அளவு 100 கேபி கூட வராது. கார் ரேஸ் கேம் அது, 'பிளாக்லிஸ்ட்' என்ற எதிராளிப் பட்டியலில் உள்ள 15 பேரில் 14 பேரை முடித்துவிட்டோம். நம் காரையே பிடுங்கிக்கொண்டு போய் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ரேஸர் மட்டும் பாக்கி. அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிட்டோம்.

அதே கோடையில் அதே கம்ப்யூட்டரில் ஆடிய 'ஜிடிஏ வைஸ் சிட்டி' சேவ் போய்விட்டது. அந்த கேமில் ஊர் முழுக்க ஒளித்து வைத்திருக்கும் 100 பாக்கெட்டில் 78-ஐத் தேடி எடுத்திருந்தோம். எந்தச் சந்தில், எந்த மாடியில் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தும் வைத்தோம். நோட்டு பத்திரமாக இருக்கிறது. சேவ் இல்லை.

ஒன்று பிழைத்து ஒன்று போனது எப்படி என்று யோசித்து யோசித்துத்தான் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறையே வந்தது. 2008-இல் வைரஸ் ஏறி சிஸ்டம் நகரவே மாட்டேன் என்றது. மாமா அதை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைப் பையன் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சி டிரைவ் மட்டும்தான் சார் ஃபார்மட் அடிப்பேன். டி-ல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது." அவன் பொய் சொல்லவில்லை. டி டிரைவில் இருந்த கல்யாண போட்டோ, பாட்டு எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் 'மை டாக்குமெண்ட்ஸ்' இருப்பது சி-யில். வைஸ் சிட்டி தன் எட்டு சேவ்களையும் அதற்குள் ஒரு ஃபோல்டர் போட்டுத்தான் வைக்கும். அதோடு அதுவும் போயிற்று. மோஸ்ட் வாண்டட்டும் 'மை டாக்குமெண்ட்ஸில்'தான் எழுதும். ஆனால் பக்கத்துத் தெரு நண்பன் வீட்டில் கொண்டுபோய் ஆடுவதற்காக, அத்தை மகன் அந்த ஃபோல்டரை டி-யில் ஒரு காப்பி போட்டு வைத்திருந்தான். அந்த ஒரு காப்பிதான் இன்றுவரை பிழைத்திருப்பது.

ஆகவே எதில் வைப்பது என்பதற்கு முன்னால், இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'மை டாக்குமெண்ட்ஸ்' முதல் இடம். அங்கே இல்லையென்றால் 'புரோகிராம் ஃபைல்ஸில்' கேம் நிறுவிய ஃபோல்டருக்குள் பாருங்கள். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' அப்படித்தான், உள்ளேயே 'சேவ்கேம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். மூன்றாவது இடம் பலருக்குத் தெரியாது. எக்ஸ்பிக்கு அடுத்த விஸ்டா வந்ததிலிருந்து, பழைய கேம் 'புரோகிராம் ஃபைல்ஸில்' எழுதப் பார்த்தால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் 'ஆப் டேட்டா, லோக்கல், வர்ச்சுவல் ஸ்டோர்' என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். கேம் ஃபோல்டரைத் திறந்து பார்த்து 'சேவ் இல்லையே' என்று கைவிட்டவர்கள் இதையும் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக.

இருந்த இடத்திலேயே விட்டுவைப்பது

மெமரி கார்டு, கேசட் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். பத்திரமாக பீரோவில் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். கேசட்டைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை ஆபத்தானது. நாம் சின்ன வயதில் டிவியில் செருகி ஆடிய கேசட்டுகளில் பெரும்பாலும் சேவ் வசதியே கிடையாது, அதனால் கவலையும் இல்லை. ஆனால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது கேம் பாய் வாங்கி வந்திருந்தால், அதில் 'போக்கிமான்' இருந்தால், அந்த சேவ் ஒரு பட்டன் பேட்டரியின் தயவில் இருக்கிறது. உள்ளே இருப்பது 32 கேபி மெமரி. மின்சாரம் நின்ற நொடி அது காலி. 1999-இல் ஜப்பானில் வந்த 'கோல்டு', 'சில்வர்' கேசட்டுகளில் அதே பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுகிறது, அதனால் அவை சீக்கிரமே தீர்ந்துபோகின்றன. பேட்டரியை மாற்றிவிடலாம் என்று முதலில் கேசட்டைப் பிரிக்காதீர்கள். பழைய பேட்டரியைக் கழற்றும்போதே சேவ் போய்விடும். கேசட்டை யுஎஸ்பி வழியாகப் படிக்கும் சின்னக் கருவிகள் இருக்கின்றன. முதலில் சேவை கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு, பேட்டரியைப் பிறகு மாற்றுங்கள்.

பிளேஸ்டேஷன் 2 கார்டு வேறு மாதிரி. 8 எம்பி, பேட்டரி கிடையாது, ஃபிளாஷ் மெமரி. திருநகரில் நண்பன் வீட்டில் இருந்த அசல் கார்டு போன வருடம் செருகியதும் படித்தது. 'ஹியர் கம்ஸ் தி பெயின்' கேமில் நாங்கள் உருவாக்கிய மல்லன் அதே மஞ்சள் டவுசரோடு வந்து நின்றான். கூடவே இருந்த, கம்பெனி பெயரே இல்லாத 64 எம்பி கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டது. அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் வாங்கின அன்று தெரியாது, இப்போதுதான் தெரிகிறது.

அசல் கார்டு படிக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. ஃபிளாஷில் தகவல் இருப்பது அடைத்து வைத்த மின்னூட்டமாக. அது மெல்ல மெல்லக் கசியும். அதைவிட முக்கியம், கார்டு நன்றாக இருந்தாலும் அதைப் படிக்கும் பெட்டி வேண்டுமே. பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பு முடிந்துபோனது 2013-இல். வெளி மென்பொருளை பிளேஸ்டேஷனில் ஓடவைக்கும் 'ஃப்ரீ மெக்பூட்' ஏற்றிய கார்டு ஒன்று கிடைத்தால், ஃபைல்களைக் காப்பி செய்ய உதவும் 'யூலாஞ்ச்எல்ஃப்' வழியாக சேவை பென் டிரைவுக்கு இறக்கலாம். (90000 வரிசை ஸ்லிம் மாடலில் பிற்பாடு வந்த பெட்டிகளில் இது ஓடாது, வாங்கும் முன் மாடல் எண்ணைப் பாருங்கள்.) இறக்கிய சேவை கம்ப்யூட்டரை பிளேஸ்டேஷன் 2 போல நடிக்க வைக்கும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரின் மெமரி கார்டுக்குள் ஏற்றி ஆடலாம். அங்கே ஆடும்போது ஆட்டத்தை அந்த நொடியிலேயே உறைய வைக்கும் எமுலேட்டரின் 'சேவ் ஸ்டேட்டை' நம்ப வேண்டாம். எமுலேட்டரின் அடுத்த பதிப்பில் அது திறக்காமல் போகலாம். கேமுக்குள்ளேயே போய் மெமரி கார்டில் சேவ் செய்வதுதான் நிற்கும்.

சிடி, டிவிடி

2009-இல் நான் செய்தது இதுதான். 700 எம்பி சிடியில் ஒரு மூலையில் எங்கள் சேவ், மீதி முழுக்கப் பாட்டு. மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி 'கேம் + பாட்டு' என்று எழுதிப் பரணில் போட்டேன். சிடியின் கீழ்ப்பக்கத்தைத்தான் நாம் எல்லோரும் கண்ணாடி மாதிரி பார்த்துக்கொள்வோம். ஆனால் தகவல் இருக்கும் அடுக்கு மேல்பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கீழே விழும் கீறலைவிடப் பேனா முனைதான் ஆபத்து. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த விஷயத்தில் அது தேவலை. இரண்டிலும் எழுதப்படுவது சாயத்தில். வெயிலும் சூடும் ஈரமும் சாயத்துக்கு எதிரி, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணைவிடச் சூடான இடம் வீட்டில் கிடையாது. 2017-இல் எடுத்துப் பார்த்தபோது பாதிப் பாட்டு திக்கியது. சேவ் ஃபைல் காப்பி ஆனது. இரண்டாவது தடவை முயன்றபோது ஆகவில்லை.

சாயத்துக்குப் பதில் கனிமப் பொருளில் எழுதும் 'எம்-டிஸ்க்' உண்டு. ஆயிரம் வருடம் என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். டிஸ்க் இருக்கலாம், ஆனால் லேப்டாப்பில் டிரைவே வருவதில்லையே. என் கணக்கில் சிடியும் டிவிடியும் முடிந்துபோன வழி. வீட்டில் இருப்பவற்றை இந்த மாதமே இறக்கிவிடுங்கள்.

பிளாப்பிக்கும் இதே பேச்சுதான், இன்னும் அவசரமாக.

பென் டிரைவ்

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில், இருப்பதிலேயே மோசமும் இதுதான். பழைய 8 எம்பி கார்டும் ஃபிளாஷ், இன்றைய 128 ஜிபி பென் டிரைவும் ஃபிளாஷ். ஆனால் அன்று ஒரு செல்லில் ஒரு பிட் வைத்தார்கள், இன்று அதே ஒரு செல்லில் மூன்று, நான்கு பிட் திணிக்கிறார்கள். மின்னூட்டம் கொஞ்சம் கசிந்தாலே ஒன்று இன்னொன்றாகிவிடும். சூட்டில் இந்தக் கசிவு வேகமாகும். தர அளவுகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு, வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிக்கு (இதுவும் ஃபிளாஷ்தான், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் கம்ப்யூட்டருக்குள் போடுவது) விதிக்கும் குறைந்தபட்சமே, எழுதி எழுதித் தேய்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல், 30 டிகிரியில் ஒரு வருடம் தகவல் தங்க வேண்டும் என்பதுதான். மதுரையில் மே மாதம் வெளியே 40 டிகிரி தாண்டும், பூட்டிய பீரோவுக்குள் எத்தனை இருக்கும்? புதிதாக வாங்கி ஒரே ஒரு தடவை எழுதியது அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது உண்மை. ஆனால் நாம் 'இதில் பத்திரமாக இருக்கட்டும்' என்று ஒதுக்குவது பெரும்பாலும் நாலு வருடம் தேய்த்த பழைய டிரைவைத்தான். பென் டிரைவ் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும். குடிவைக்க அல்ல.

ஹார்டு டிஸ்க்

தட்டு சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க்கைத்தான் சொல்கிறேன். இதில் தகவல் காந்தமாக இருக்கிறது, சும்மா வைத்தாலும் வருடக்கணக்கில் தங்கும். கீழே விழுந்தால் போயிற்று, அதனால் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒன்று என்னிடம், ஒன்று வில்லாபுரத்தில்.

பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போடுமுன் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வையுங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல பெட்டிகளில் இருப்பது அகலமான ஐடிஇ கேபிள் போடும் டிஸ்க். அதை யுஎஸ்பியில் செருக அடாப்டர் கிடைக்கிறது, டவுன்ஹால் ரோட்டில் கேட்டுப் பாருங்கள். நாலு ஸ்குரூ கழற்றும் வேலைதான். நாங்கள் அந்த வேலையைச் செய்யாமல் பெட்டியோடு எடைக்குப் போட்டுவிட்டோம். அதில் வைஸ் சிட்டி சேவின் மிச்சம் ஏதாவது மீட்கிற நிலையில் இருந்ததா என்று இனி பார்க்கவே வழியில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கிளவுட்

நம் வெயில் அங்கே எட்டாது, பரண் கிடையாது, எலி கிடையாது. சேவ் ஃபைலின் அளவுக்கு கூகுள் தரும் இலவச 15 ஜிபியே கடல். ஆனால் இரண்டு குழி இருக்கிறது. முதலாவது, இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் விதி மாற்றி, 2023 டிசம்பரிலிருந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பள்ளியில் படிக்கும்போது திறந்து, பாஸ்வேர்டு மறந்துபோன மெயிலில் உங்கள் சேவ் இருந்தால் இப்போதே தேடுங்கள். இரண்டாவது, சிங்க் ஆவது, அதாவது வீட்டு ஃபோல்டரில் மாறுவதெல்லாம் தானாகவே கிளவுடிலும் மாறுவது வேறு, பத்திரமாக இருப்பது வேறு. வீட்டுக் கம்ப்யூட்டரில் சேவ் கெட்டுப்போனால், சிங்க் அந்தக் கெட்ட ஃபைலையே ஒழுங்காக மேலே ஏற்றிவிடும். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, சேவ் ஆகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய், ஃபைல் பூஜ்யம் கேபி ஆனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் சிங்க் ஃபோல்டரில் போடாதீர்கள். ஜிப் செய்து, பெயரில் தேதி போட்டு, தனியாக ஏற்றுங்கள்.

இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் பார்த்துக்கொள்ளுமே என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்டீம் கிளவுட் வந்ததே 2008-இல். அதற்கு முன் டிஸ்க்கிலிருந்து போட்டு ஆடியதற்கு அது பொறுப்பல்ல.

என் முடிவு இது. இரண்டு வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க், கிளவுடில் தேதியிட்ட ஒரு ஜிப். மெமரி கார்டையும் கேசட்டையும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சேவுக்காக நம்ப வேண்டாம். எங்கள் ஃபைல் டி டிரைவில் தொடங்கி சிடி, லேப்டாப், ஹார்டு டிஸ்க் என்று வாடகை வீடு மாறுவதுபோல மாறித்தான் இருபது வருடம் தாண்டியிருக்கிறது. எந்த வீடும் சொந்தமில்லை.

சேவோடு கேமையும் வைத்திருங்கள், எந்தப் பதிப்பில் ஆடினீர்களோ அதையே. 2000-களில் வந்த பல டிஸ்க்குகளில் இருந்த 'சேஃப்டிஸ்க்' என்ற திருட்டுக் காப்பித் தடுப்புப் பூட்டை விண்டோஸ் 10 ஏற்பதில்லை, அசல் டிஸ்க் கையில் இருந்தும் கேம் திறக்காது. நான் ஒரு வர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் இன்னொரு மென்பொருள் கம்ப்யூட்டரில், எக்ஸ்பி போட்டு வைத்திருக்கிறேன். 3டி கேம்கள் அதில் சில சமயம் தடுமாறும், அதனால் எக்ஸ்பி ஓடும் பழைய லேப்டாப் ஒன்றையும் கைவிடவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பதற்கு எங்களுக்கு ஒரு நாள் தானாக அமைந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று ஐந்து பேரும் வில்லாபுரத்தில் கூடிவிடுவோம். வைகையிலிருந்து திரும்பி, சாப்பிட்டு முடித்ததும் இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் செருகி, விண்டோஸிலேயே இருக்கும் 'செர்ட்யூட்டில்' கட்டளையால் ஃபைலின் ஷா-256 எண்ணை எடுப்பேன். அது ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளே கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும். அந்த எண் வைஸ் சிட்டி பாக்கெட்டுகளைக் குறித்த பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி இருக்கிறது. அத்தை மகன் நாலு நாலு எழுத்தாகப் படிப்பான், நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன்.

பிறகுதான் கேமைத் திறப்போம். அதுவும் அசலை அல்ல, தனியாக எடுத்த காப்பியை. மோஸ்ட் வாண்டட்டில் ஆட்டோசேவ் உண்டு, அசலில் ஒரு ரேஸ் ஓடினால் 2006 சேவ் மேலேயே புதுசை எழுதிவிடும். அசல் 'ரீட் ஒன்லி'யில் இருக்கிறது. போன தடவை தம்பி கேட்டான், "காப்பிதானே மாப்ள, ரேஸரை முடிச்சிருவோமா?" கராஜில் நின்ற காரைக் கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்தோம். அத்தை காபி கொண்டுவந்து வைத்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மூடிவிட்டோம்.