40,000 கிலோமீட்டர் சர்வீஸ்: எழுதிய வேலை 14, விட்டுப்போனது பிரேக் ஆயில்

போன வாரம் காரை 40,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், பெயர் வேண்டாம். வண்டி வாங்கி 4 வருடம் ஆகிறது, முந்தைய மூன்று சர்வீஸும் அங்கேதான் நடந்தது. அப்போதெல்லாம் அவர்கள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த முறை முந்தின நாள் இரவே வண்டியோடு கொடுத்த மேனுவலை எடுத்து, 40,000க்கு நேராக என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டேன். மாற்ற வேண்டியவை ஐந்தே ஐந்து: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில். மற்றதெல்லாம் சோதித்துப் பார்த்தால் போதும் என்றுதான் இருந்தது.

அட்வைசர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு எஸ்டிமேட் போட்டார். 14 வேலை. அதில் மேனுவலோடு ஒத்துப்போனது நான்கு. மீதிப் பத்தும் இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே கழுவி விடுவது), இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீச்சும் பாகம்) கிளீனிங், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங், ஏசி கேஸ் டாப்-அப், ஏசிக்குக் கிருமிநாசினி, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்ஸிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது), பானெட்டுக்குள் பளபளப்புக்கு ஒரு கோட்டிங், அடியில் ஒரு கோட்டிங், டயருக்கு நைட்ரஜன். பிரேக் ஆயிலைக் காணோம்.

முதலில் ஏசி ஃபில்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு நம்பிக்கை போனது. கரேலென்று தூசி அப்பிய ஒரு ஃபில்டரைக் கொண்டுவந்து, "சார், உங்க வண்டியோடது, பாருங்க எப்படி இருக்குன்னு" என்றார். என் வண்டியில் அதை மூன்று மாதம் முன்பு நானேதான் மாற்றினேன். க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னாலேயே இருக்கிறது, பத்து நிமிட வேலை. மாற்றிய தேதியை ஃபில்டரின் ஓரத்தில் பேனாவால் எழுதியும் வைத்திருந்தேன். அவர் கையில் இருந்ததில் எந்த எழுத்தும் இல்லை. வண்டிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன். க்ளவ் பாக்ஸைத் திறந்தார், என் கையெழுத்தோடு என் ஃபில்டர் உள்ளேயே இருந்தது. வேறு வண்டியோடது மாறிவிட்டது என்றார். மாறியே இருக்கட்டும், கழற்றாமலேயே எஸ்டிமேட்டில் எப்படி எழுதினார்கள்?

அப்புறம் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பேசினோம். ஏசி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் திரும்பவும் போகும். என் ஏசி நன்றாகவே குளிர்கிறது. நைட்ரஜன் கெடுதல் செய்யாது, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். வாரம் தவறாமல் காற்று செக் பண்ணினால் அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. ஃப்ளஷ்ஷும் கிளீனிங்கும் வண்டி திணறினால், ஐடிலில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, உதறினால் யோசிக்க வேண்டியவை. நன்றாக ஓடுகிற இன்ஜினில் எதைக் கழுவப் போகிறார்கள்?

அலைன்மென்ட்டை மட்டும் எடுத்தவுடன் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் தேவைப்படும்போது அது மிகவும் தேவை. சமமான ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா, டயரின் உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, இதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான்கு டயரையும் கையால் தடவிப் பார்த்தேன், தேய்மானம் சமமாக இருந்தது. வேகத்தில் ஸ்டீயரிங் அதிர்வதும் இல்லை, அதனால் பேலன்ஸிங்கும் வேண்டாம் என்றேன்.

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி குறைவாக ஓடினாலும் மேனுவலில் போட்ட மாதக் கணக்குக்கு இன்ஜின் ஆயிலை மாற்றியே ஆகவேண்டும், அதுவும் பக்கத்திலேயே போய் வருகிற வண்டியில் இன்ஜின் சரியாகச் சூடேறாமல் ஆயில் இன்னும் சீக்கிரம் கெடும். டைமிங் பெல்ட் (இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் பெல்ட்) உள்ள வண்டி என்றால் சொன்ன கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது, பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அதோடு இன்ஜின் வேலைதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் வண்டி ஆயுசுக்கும் வரும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது.

சரி, பிரேக் ஆயில். அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும், நாம் வண்டியை ஓட்டினாலும் நிறுத்தினாலும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது அது கொதித்துக் குமிழி விட்டால், மிதி தொப்பென்று கீழே போகும், வண்டி நிற்காது. உயிர் சம்பந்தப்பட்ட இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு பானெட்டுக்குள் பளபளப்புக்குக் கோட்டிங் எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கேட்டால், சிஸ்டத்தில் வரவில்லை என்றார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வேலை செய்த மெக்கானிக் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆயில் அளவு டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டாமல் சரியாக இருந்தது, கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, கழற்றிய ஃபில்டர்களைக் கேட்டதும் கவரில் போட்டுக் கொடுத்தார். பிரேக் ஆயிலை நான் பக்கத்தில் நிற்கும்போதே மாற்றினார். ஒரு சக்கரத்திலிருந்து டியூப் வழியாக வந்தது முதலில் கரும்பழுப்பாக இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெளிந்து வந்தது. அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

வேலைக்கு 5க்கு 4 கொடுப்பேன். எஸ்டிமேட்டுக்கு 1 கூட வராது. அடுத்த முறை மேனுவல் பக்கத்தை ஜாப் கார்டோடு (செய்யப்போகிற வேலைகளை எழுதும் தாள்) பின் பண்ணி, இதில் இல்லாத எதுவும் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுப்பேன். நீங்களும் ஒரே இடத்தில் சர்வீஸ் விட்டுக்கொண்டிருந்தால் பழைய பில்லையெல்லாம் எடுத்து, பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரியாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மேனுவல்படி 2 வருடத்திலேயே ஒரு முறை மாற்றியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தேடினேன், என்னுடைய பழைய மூன்று பில்லிலும் இல்லை.